டம்ளருக்குள் மூன்று லேபிள்

கதையைக் கேளுங்கள், பதிலுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். நான் இதைச் சொன்ன இடத்திலெல்லாம் சண்டைதான் வந்திருக்கிறது.

திருப்பூரில் ஒரு சந்துக்குள் தனக்கோடி என்பவர் பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தார். கோடியெல்லாம் பேரோடு சரி. ஆர்டர் கொடுக்கும் கம்பெனி இவரை இழுத்தடிக்கும், இவர் தையல்காரிகளை இழுத்தடிப்பார். சனிக்கிழமை சம்பள நாள் என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து, "அடுத்த வாரம் கண்டிப்பாக் குடுத்தர்றனுங்க" என்று தலையைச் சொறிவார். கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டவாவது செய்யலாம், இவரிடம் அதற்கும் வழியில்லை.

அங்கே தைத்தவர்கள் மூன்று பெண்கள். பேச்சியம்மாள் தோட்டை அடகு வைத்துக் காலம் தள்ளினாள். நபீசா தன் அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துச் சமாளித்தாள். சரோஜினிக்கோ ரோஷம் ஜாஸ்தி. அடுப்பு எரியாவிட்டாலும் ஒருத்தரிடம் கைமாற்று வாங்க மாட்டாள்.

தனக்கோடி கொண்டுவரும் அரைகுறைப் பணத்தைப் பங்கு போட்டால் எவளுக்கும் எதற்கும் காணாது. அதனால் குலுக்குச் சீட்டு மாதிரி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாரம் ஒருத்திக்கு முழுச் சம்பளம். வாங்கியவள், மற்ற இருவரும் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பேர் எழுதவில்லை. பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற சைஸ் லேபிளே சீட்டு. ஒல்லிக்குச்சி நபீசாவுக்கு எஸ், சரோஜினிக்கு எம், பூசினாற்போல் இருக்கும் பேச்சியம்மாளுக்கு எக்ஸெல். எல் லேபிள் மட்டும் ஆளில்லாமல் டப்பாவிலேயே கிடந்தது.

நான் சொல்லும் சனிக்கிழமை புதுச் சுற்று. மூன்று லேபிளும் டம்ளருக்குள் போக வேண்டிய நாள். சரோஜினிக்கு அன்று மிஷினில் உட்காரவே முடியவில்லை. இன்று வாடகை வராவிட்டால் சாமான்களை வெளியே வைத்துப் பூட்டிவிடுவேன் என்று வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார். கொஞ்சம் தைப்பாள், எழுந்து போய் வாசலைப் பார்ப்பாள், நூல் அறுந்துவிட்டது என்று சும்மா முணுமுணுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். தனக்கோடியின் போன் அணைந்தே கிடந்தது.

இருட்டப்போகும் நேரத்தில் ஸ்கூட்டர் வந்தது. ஹேண்டில்பாரில் ஒரு கேக் பெட்டி, பக்கத்தில் கறிப்பை.

"பாப்பாவுக்குப் பொறந்தநாளுங்க" என்று கூச்சத்தோடு சொன்னார். பிறகு ஒரு கவரை நீட்டினார். "ஒருத்தருக்குத்தான் ஆகும். நீங்களே பாத்துக்கங்க." அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது.

டம்ளரைக் குலுக்கினார்கள். சீட்டை எடுப்பது அன்று பேச்சியம்மாளின் முறை. ஒரு லேபிளை எடுத்தாள், பார்த்தாள், முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சரோஜினிக்குத்தான்!"

சரோஜினி கவரை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். "எல்லாம் தலையெழுத்து" என்று நபீசா டம்ளரைக் கழுவ எடுத்தாள். உள்ளே மிச்சமிருந்தவை எஸ்ஸும் எம்மும். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யக்கா! வந்தது உன் லேபிள். என்ன ஏமாத்து வேலை இது?"

"என் பணத்தைத்தானே குடுத்தேன்? நேரா நீட்டினா அவ வாங்குவாளாடி? அவ ரோஷம் ஒனக்குத் தெரியாதா?"

"எங்கம்மா மாத்திரைக்கும்தான் காசு இல்ல. எனக்கு விழலைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன் பாரு, நான் ஒரு முட்டாள். யாருக்குக் குடுக்கணும்னு நீயா முடிவு பண்ணினா, அப்புறம் டம்ளர் எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து, மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வந்த சரோஜினி வாசலில் நின்றாள். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. கவரைக் கொண்டுவந்து கட்டிங் மேசைமேல் வைத்தாள்.

"எனக்கும் தெரியும்க்கா. நீ எடுத்த லேபிள்ல ரெண்டு எழுத்து இருந்துச்சு. என்னோடதுல ஒண்ணுதான். தெரிஞ்சேதான் வாங்கிட்டுப் போனேன். வேற வழியில்ல."

கவர் மேசைமேல் கிடந்தது. அங்கே வீட்டுக்காரர் பூட்டோடு நின்றிருப்பார். ஒருத்தியும் கையை நீட்டவில்லை.

இப்போது சொல்லுங்கள். தன் பணத்தைத் தர முறையை மீறிய பேச்சியம்மாள், தெரிந்தே வாங்கிய சரோஜினி, முறை முறைதான் என்று போட்டு உடைத்த நபீசா. இவர்களில் நியாயம் யார் பக்கம்?

விடை: இந்த மூவருக்குள் தேடிக்கொண்டிருந்தால் விடியவே விடியாது. கேக் பெட்டியை மறந்துவிட்டீர்களா? தனக்கோடியின் வீட்டுச் செலவு ஒரு வாரமும் குலுக்கலுக்கு வரவில்லை. அது முன்னாலேயே எடுத்தாகிவிட்டது. டம்ளரில் ஒரு லேபிள் குறைந்தது, அதுதான் கோளாறு. இதைக் கண்டுபிடித்தவளும் நபீசாதான். "மொதல்ல நீ போய்ப் பூட்டுறதைத் தடு" என்று சரோஜினியின் கையில் கவரைத் திணித்து அனுப்பிவிட்டு, மறுவாரம் தனக்கோடி கவரை நீட்டியபோது அவர் கண்ணெதிரே எல் லேபிளையும் டம்ளரில் போட்டாள். "இது யாருதுங்க?" என்றார் அவர். "உங்களுதுதாண்ணா. இனி உங்க வீட்டுக்கும் சீட்டு விழுந்தாத்தான் காசு."  தனக்கோடி சட்டையின் உள்பையில் கையை விட்டு, வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்ததையும் மேசைமேல் வைத்தார். அந்த வாரம் இரண்டு லேபிள் எடுத்தார்கள்.