கடைசி ஆளின் சொல்

மலைக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகும் தொழிலில் மயிலாத்தாளை எல்லோரும் குரு என்பார்கள். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அவளிடம் தொழில் பழக வந்த நாச்சிமுத்துவுக்கு அறுபது. குருவைவிடச் சீடர் மூத்தவர் என்று செக்போஸ்ட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் கேலி பேசுவார்கள். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர் அவளை அம்மணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

தேசியப் பூங்காவுக்குள் கூட்டமாக நடந்தால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் போக வேண்டும். குரு முன்னால், சீடர் கடைசியில். முன்னால் போகிறவளுக்குப் பாதை தெரியும், பின்னால் வருகிற ஆட்களைத் தெரியாது. அதனால் நிற்கிற இடத்திலெல்லாம் அவள் கேட்பாள்:

"பின்னால என்னங்கண்ணா?"

யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் தண்ணீர் குடிக்காமல் வருகிறார், யார் காலை இழுக்கிறார் என்று கடைசி ஆள் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் அவள் அடுத்த அடி வைப்பாள். இந்த இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் சொன்னதைத் திரும்பி வந்து சரிபார்த்ததில்லை.

ஐப்பசி பிறந்து பத்தாம் நாள். கோயம்புத்தூரிலிருந்து எட்டுப் பேர் வேனில் வந்து இறங்கினார்கள். எட்டாவதாக இறங்கிய ஆளைப் பார்த்ததும் நாச்சிமுத்து தலைத்துண்டை நெற்றிவரை இறக்கிக்கொண்டார்.

தலை நரைத்திருந்தது. தொப்பை விழுந்திருந்தது. இடது முட்டியில் பட்டை கட்டியிருந்தது. ஆனால் ஆள் அதே ஆள்தான். விஸ்வேஸ்வரன். முப்பது வருஷத்துக்கு முன்னால் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜர். நாச்சிமுத்து அங்கே காவல்காரர்.

எஸ்டேட் குடோனிலிருந்து ஏலக்காய் மூட்டை ஒன்று காணாமல் போயிருந்தது. விசாரணை ஒன்றும் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், இருநூறு பேருக்கு முன்னால், நாச்சிமுத்துவின் தலையில் ஒரு மூட்டையை ஏற்றி நிற்க வைத்தார் மேனேஜர். அந்த இருநூறு பேரில் நாச்சிமுத்துவின் மனைவியும் இருந்தாள். பிறகு எடுத்தது கணக்குப்பிள்ளை என்று தெரிந்தது. தெரிந்ததும் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அம்மணி, இன்னைக்கு நான் முன்னால வாறனுங்க."

"ஏனுங்கண்ணா?"

காரணம் வாய்க்குள்ளேயே நின்றது. "முட்டி வலிங்க" என்றார்.

"முட்டி வலிக்கிறவங்கதான் பின்னால நடக்கோணும்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள்.

மெதுவாக நடக்கிற ஆள் எப்போதும் கடைசி ஆளுக்கு முன்னால்தான் வந்து சேருவார். அரை மணி நேரத்தில் விஸ்வேஸ்வரன் நாச்சிமுத்துவுக்கு இரண்டடி முன்னால் இருந்தார். கூட வந்த பல் டாக்டர் ஒருவர் திரும்பித் திரும்பிச் சீண்டிக்கொண்டே போனார்.

"என்ன தொரை, ஒரு ஆமை இப்பத்தான் உங்களை ஓவர்டேக் பண்ணிப் போச்சு."

"போகட்டும்யா. ஆமைக்கு முட்டி ஆபரேஷன் ஆகலை."

எல்லோரும் சிரித்தார்கள். விஸ்வேஸ்வரன் நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தும் சிரித்தார். அந்தக் கண்ணில் அடையாளம் எதுவும் இல்லை. நாச்சிமுத்து அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மேலே புல்வெளி வரை போய்விட்டுத் திரும்பும்போது பனிமூட்டம் இறங்கியது. மேற்கே மலையுச்சியில் இடி உருண்டது. வழுக்குப் பாறையைத் தாண்டும்போது நாச்சிமுத்து அதைப் பார்த்தார். விஸ்வேஸ்வரனின் வலது பூட்ஸின் அடிப்பாகம் குதிகாலில் பசை விட்டு வாய் பிளந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பட், பட் என்று அடித்தது. போட்டிருந்த ஆளுக்கு அது தெரியவில்லை. அவருக்கு முட்டியின்மேல்தான் கவனம்.

அடுத்த வளைவில் குரு நின்றாள்.

"பின்னால என்னங்கண்ணா?"

நாச்சிமுத்து பூட்ஸைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங் அம்மணி."

சொன்ன பிறகு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. முப்பது வருஷமாக அப்படி ஒரு குளிர்ச்சி அவருக்குக் கிடைத்ததில்லை.

ஓடைக்கு வந்தபோது தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. காலையில் கணுக்கால் நனைய நடந்த இடம் இப்போது தொடைக்கு வந்துவிட்டது. மேலே மழை விடவில்லை. பத்து நிமிஷத்தில் இடுப்புக்கு மேலே ஏறும். ஏறினால் யாரும் தாண்ட முடியாது. ஓடைக்குக் கீழே இருபதடியில் பள்ளம்.

மயிலாத்தாள் கயிற்றோடு முதலில் தாண்டி அக்கரை மரத்தில் கட்டினாள். இக்கரையில் ஒரு மரத்தைச் சுற்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றார் நாச்சிமுத்து. கயிற்றைப் பிடித்து ஒவ்வொருவராக ஏழு பேர் போனார்கள். பல் டாக்டர்கூட வாயைத் திறக்கவில்லை.

விஸ்வேஸ்வரன் ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தார்.

"என்னால முடியாதுப்பா. இந்த முட்டி என்னை நடுவுல விட்டுரும்."

மயிலாத்தாள் அக்கரையிலிருந்து திரும்பி வந்தாள். தொடைக்கு மேலே நனைந்திருந்தாள். வந்து நின்றதும் வழக்கம்போலக் கேட்டாள்.

"பின்னால என்னங்கண்ணா?"

"ஒண்ணுமில்லீங்."

அவள் தலையாட்டினாள். தோளிலிருந்த சின்னக் கயிற்றை எடுத்தாள். ஒரு முனையை விஸ்வேஸ்வரனின் இடுப்பில் கட்டினாள். மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றினாள்.

"அம்மணி, என்ன பண்றீங்?"

"முட்டிக்குத் துணை வேணுமல்லங்கண்ணா. முட்டி போனாலும் பாதம் நல்லா ஊணுச்சுன்னா நானே கூட்டிப் போயிருவேன்."

முடிச்சை இறுக்கினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு காலை வைத்தாள். அந்த ஆளும் வலது காலைத் தூக்கினார். அடிப்பாகம் நாக்குப்போலத் தொங்கியது.

"நில்லுங்க!"

நாச்சிமுத்துவின் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பூட்ஸுங்க அம்மணி. வலது கால். அடி வாய் பிளந்து கிடக்குது."

மயிலாத்தாள் குனிந்து பார்த்தாள். தண்ணீரில் வைத்த தன் காலை எடுத்து மேட்டில் ஊன்றினாள். வந்து பெரிய கயிற்றை நாச்சிமுத்துவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நாச்சிமுத்து தலைத்துண்டை அவிழ்த்து நீளமாகக் கிழித்தார். விஸ்வேஸ்வரனின் காலடியில் மண்டியிட்டார். பூட்ஸையும் அடிப்பாகத்தையும் சேர்த்து நான்கு சுற்று சுற்றி, கணுக்காலுக்கு மேலே முடிச்சுப் போட்டார்.

"ஏம்ப்பா, எத்தனை நேரமா இப்படி இருக்கு? பின்னாலயே வந்தியே, சொல்லக்கூடாதா?"

நாச்சிமுத்து முடிச்சை இன்னொரு தடவை இழுத்தார்.

"உன் பேர் என்ன?"

"நாச்சிமுத்து."

"நல்லா இறுக்கிக் கட்டு நாச்சிமுத்து" என்றார் அவர். அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்பவர்போல.

கட்டி முடித்து நாச்சிமுத்து கயிற்றைத் திரும்ப வாங்கினார். மயிலாத்தாளும் விஸ்வேஸ்வரனும் இறங்கினார்கள். தண்ணீர் அதற்குள் இடுப்பைத் தொட்டுவிட்டது. நடு ஓடையில் முட்டி மடிந்தது. விஸ்வேஸ்வரன் ஒருபக்கம் சாய்ந்தார். சின்னக் கயிறு விறைத்தது. மயிலாத்தாள் பெரிய கயிற்றில் தொங்கினாள். நாச்சிமுத்து மரத்தில் காலை உதைத்து முழு உடம்பையும் பின்னால் சாய்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கட்டுப்போட்ட வலது கால் ஒரு கல்லைத் தேடிப் பிடித்து ஊன்றியது. வழுக்கவில்லை. இருவரும் எழுந்தார்கள். கரை ஏறினார்கள்.

கடைசியாக நாச்சிமுத்து தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். அக்கரையில் ஒன்பது பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

வேனுக்குப் போகும் மண்சாலையில் மற்றவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். குருவும் சீடரும் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். அவள் சட்டையைப் பிழிந்தாள்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா அம்மணி?"

"எதுங்கண்ணா?"

"அந்தப் பூட்ஸு."

"முன்னால நடக்கிறவளுக்கு எப்படித் தெரியுங்?"

நாச்சிமுத்து துண்டின் மிச்சத்தை உரிந்த உள்ளங்கையில் சுற்றினார்.

"எனக்குத் தெரியுங். வழுக்குப் பாறையிலயே பார்த்துட்டேன்."

அவள் சட்டையைப் பிழிவதை நிறுத்தினாள். அவர் மூட்டைக் கதையைச் சொன்னார். பெரட்டுக்களத்தைச் சொன்னார். மனைவி எந்தப் பக்கம் நின்றாள் என்பதைச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"பேரைச் சொன்னேன். அப்பவும் அந்த ஆளுக்கு ஞாபகம் வரலை. இதை நான் எப்படிங் அம்மணி மன்னிக்கிறது?"

மயிலாத்தாள் எழுந்தாள். ஈரக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டாள்.

"மன்னிக்கச் சொல்லி நான் எப்பங்கண்ணா கேட்டேன்? அது உங்க சாமான், நீங்களே வெச்சுக்கங்க. பூட்ஸு பிஞ்சா மட்டும் சொல்லிப் போடுங்."