கண்மண் தெரியாமல் ஓடியவள்

மரத்துக்கும் எறும்புக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில், மலைக்காட்டு வேங்கை மரம் ஒன்றில் அக்காளும் தங்கையுமாக இரண்டு புலிவண்டுகள் குடியிருந்தார்கள். மூத்தவள் கருகருவென்ற கருநாச்சி. இளையவள் செக்கச்செவேலென்ற செம்பி. இருவருக்கும் நல்ல இறக்கைகள் இருந்தன, நினைத்த மரத்துக்குப் பறந்து போவார்கள். ஆனால் கருநாச்சிக்கு ஓட்டத்தில்தான் கிறுக்கு. அடிமரத்தில் ஓர் எறும்பைக் கண்டால் போதும், கண்மண் தெரியாமல் பாய்வாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, அந்த வேகத்தில் அவளுக்கு நிஜமாகவே கண் தெரியாது. எதிரே அசைவதைக் கவ்விவிட்டு, அப்புறம்தான் என்னவென்று பார்ப்பாள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு ஓடக்கூடாதா என்று செம்பி எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். நிற்கிற நேரத்தில் இரை போய்விடும் என்று சொல்லி, அக்காள் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. காடே காய்ந்து, எறும்புகள் புற்றுக்குள் அடங்கிவிட்டன. செம்பி பட்டினியில் சுருண்டு, பறக்கத் தெம்பில்லாமல் மரப்பட்டை இடுக்கில் கிடந்தாள். தாய் போன பிறகு கருநாச்சிக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? வாயில் ஏதாவது போடாவிட்டால் இன்றோ நாளையோ போய்விடுவாள். தான் வரும்வரை இடுக்கை விட்டு அசையக்கூடாது என்று தங்கையிடம் சொல்லிவிட்டு கருநாச்சி இறங்கினாள்.

வெயில் சாயும்போது ஒற்றை எறும்பு ஒன்று மரத்தில் ஏறியது. கருநாச்சி அதன் பின்னாலேயே பாய்ந்தாள். மரத்தின் மறுபக்கம் ஓர் ஓணான் அவளுக்காக ஒட்டிக்கொண்டு காத்திருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? மேலே இடுக்கிலிருந்த செம்பி அதைப் பார்த்துவிட்டாள். பாவி மகள், சும்மா கிடந்திருக்கக் கூடாதா? இல்லாத தெம்பையெல்லாம் கூட்டி வெளியே ஊர்ந்து வந்து, அக்காளின் வழியிலேயே நின்றாள்.

"அக்கா, நில்லு."

கருநாச்சி நிற்கவில்லை. எதிரே ஏதோ அசைந்தது, கவ்வினாள். பல் இறங்கிய பிறகுதான் கால் நின்றது. கால் நின்ற பிறகுதான் கண் தெரிந்தது. வாயில் இருந்தது தங்கையின் கழுத்து. அதைப் பார்த்த ஓணானுக்கே மனசு வரவில்லை, சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டது.

செத்துக் கிடந்த தங்கைக்காக அழுது அழுது குரல் போன பிறகு, கருநாச்சி வேங்கை மரத்திடம் ஒன்று கேட்டாள்.

"இவளை விட்டுவிட்டு நான் எங்கேயும் பறந்து போகக்கூடாது. என் இறக்கையை ஒட்டிவிடு."

நன்றாக யோசித்துக்கொள் என்றது மரம். இனி யோசித்து என்ன ஆகப்போகிறது என்றாள். வேங்கையைக் கீறினால் ரத்தமாட்டம் பால் வடியும் இல்லையா? மரம் தன் பட்டையைத் தானே கீறிக்கொண்டு, அந்தப் பாலை அவள் முதுகில் வழியவிட்டது. இறக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. வழிந்த பால் தொடைகளில் காய்ந்து, செம்பியின் நிறமாகவே தங்கிவிட்டது.

அந்த நாள் தொட்டுத்தான் இந்த வண்டு கருத்த உடம்பும் சிவந்த தொடையுமாக, பறக்க மாட்டாமல் அடிமரத்திலேயே கிடக்கிறது. நீங்களே போய்ப் பாருங்கள். இரையைக் கண்டு பாயும், பாதியில் சட்டென்று நிற்கும், மறுபடி பாயும், மறுபடி நிற்கும். களைப்பில் நிற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஓட ஆரம்பித்தாலே அதன் காதில் "அக்கா, நில்லு" என்று விழுகிறது.