வைரக்கண்ணு ஏறின மலை

எங்க மேலச்சேத்தூரைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் மலை கிடையாது. வயல் வரப்புதான் எங்களுக்கு உசரம். அந்த ஊர்ல வைரக்கண்ணு ஒரு மலைச் சைக்கிள் வாங்கினான்னா, அவன் மூளையைப் பத்தி நான் தனியா வேற சொல்லணுமா?

அதுல சீட்டு மேலே, ஹேண்டில்பார் கீழே. குனிஞ்சு குனிஞ்சு மிதிச்சதுல முதல்ல முதுகு பிடிச்சுக்கிச்சு, அப்புறம் கழுத்து. தொங்கின தலை தொங்கினபடியே நின்னுபோச்சு. சோத்துத் தட்டைத் தவிர வேற எதையும் அவனால நேராப் பார்க்க முடியல.

அந்த நேரம் பார்த்துக் கீழக்குடி ராமாமிர்தம் ஆள் அனுப்பினார். அவர் மக செண்பகவல்லியைத்தான் இவனுக்குப் பேசி வச்சிருந்தாங்க. "பையன் எந்நேரமும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே திரியறானாமே, அப்படி என்ன தப்பு பண்ணினான்? ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன். நிமிரலைன்னா வேற இடம்தான்." வைரக்கண்ணுவுக்குச் செண்பகவல்லின்னா உசிரு. ஆள் ஆடிப்போயிட்டான், பாவம்.

சைக்கிள் கதையைக் கேட்டு டவுன் டாக்டர் சிரிச்சார். "சீட்டு கீழே இருக்கணும், ஹேண்டில் மேலே இருக்கணும். நிமிர்ந்து உட்கார்ந்து மிதிங்க, சரியாயிடும்."

வைரக்கண்ணுவோட கூட்டாளிங்க ரெண்டு பேர், பக்கிரியும் உத்திராபதியும். இவங்களும் அவனுக்கு இளைச்ச அறிவாளிங்க இல்ல. உத்திராபதி ஸ்பானரை எடுத்தான். பக்கிரி கையைப் பிடிச்சுத் தடுத்தான்.

"டாக்டர் ஸ்பானர்னு சொன்னாரா?"

"இல்ல."

"சொல்லாத மருந்தைக் கொடுக்கக் கூடாது மாப்ள."

உத்திராபதி ஸ்பானரைக் கீழே வச்சான். "அப்ப சீட்டை எப்படி இறக்கறது?"

"சீட்டுக்குக் கீழே என்ன இருக்கு?"

"சக்கரம்."

"சக்கரத்துக்குக் கீழே?"

"தரை."

"அப்ப தரையை இறக்கு."

வைரக்கண்ணு வீட்டு வாசல்லயே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, பின் சக்கரத்தை அதுக்குள்ள இறக்கினாங்க. சீட்டு கீழே போச்சு, ஹேண்டில் மேலே வந்துச்சு. வைரக்கண்ணு ஏறி உட்கார்ந்தான், முதுகு கம்பம் மாதிரி நின்னுச்சு. மிதிச்சா சக்கரம் சேத்துல வழுக்கி அங்கேயே சுத்துச்சு.

"நகரலையேடா," என்றான் வைரக்கண்ணு.

"டாக்டர் மிதிக்கச் சொன்னாரு. போகச் சொல்லலையே," என்றான் பக்கிரி.

சொல்ல எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு, ஆனா வலி நிஜமாவே போயிடுச்சு, தலையும் நிமிர்ந்துடுச்சு. இறங்கியே இருந்தா திரும்ப வந்துடும்னு பயந்து, ஞாயித்துக்கிழமையும் விடியும்போதே ஏறி உட்கார்ந்துட்டான்.

ராமாமிர்தம் வந்தார். "வாங்க மாமா," என்று வைரக்கண்ணு அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னான். அவருக்கு மனசு குளுந்து போச்சு. ஆனா பார்வை சைக்கிள் மேல போச்சு.

"மாப்பிள்ளை எங்கே கிளம்பிட்டாரு?"

பக்கிரி கொஞ்சங்கூட யோசிக்கல. "மலை ஏறிக்கிட்டிருக்கார். முன் சக்கரம் எப்படித் தூக்கியிருக்கு பாருங்க."

நம்ம ஆளுங்களை விட்டா உலகத்துல வேற அசடே இல்லைன்னு நினைச்சிருந்தேன். ராமாமிர்தம் சைக்கிளை ஒரு சுத்து சுத்தி வந்து, பக்கவாட்டுல குந்திப் பார்த்தார்.

"ஆமா, நல்ல ஏத்தந்தான். உச்சி இன்னும் எவ்வளவு தூரம்?"

"விடியக்காலை கிளம்பினாரு. பாதி வந்திருப்பாரு," என்றான் உத்திராபதி.

"பாதி வழியில இறக்கித் தாலி கட்டச் சொல்றது முறையில்ல. போய்ச் சேரட்டும், அப்புறம் முகூர்த்தம் குறிப்போம்."

அன்னியிலேருந்து வைரக்கண்ணு வேர்த்து விறுவிறுத்து மிதிக்கிறான். ஆவணி போச்சு, தையும் போச்சு. கடைசியில செண்பகவல்லியே பொறுக்க மாட்டாம ஆள் அனுப்பினா. அப்பாடா, ஒருத்திக்காவது புத்தி இருக்கேன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

"ஏறினவரைக்கும் போதும், இறங்கி வரச் சொல்லுங்க," என்று சொல்லியிருந்தா. "ஆனா இறக்கத்துல வேகம் வேண்டாம், பிரேக்கை நல்லாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

இப்ப வைரக்கண்ணு மிதிக்கிறதை விட்டுட்டான். ரெண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் குழிக்குள்ளயே உட்கார்ந்திருக்கான். கேட்டா, பத்திரமா இறங்கிக்கிட்டிருக்கானாம்.