அண்ணாச்சி படகுக்கு எந்த போல்ட்டு?

நான் நேரில் பார்க்கவில்லை. தூத்துக்குடிப் படகுப் பட்டறை வெல்டர் ஒருவர் சொன்னது இது.

ஆழ்கடல் படகின் அடிப்பாகத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு கேட்டிருந்தார்கள். இரும்புக்கடை சங்கரபாண்டியன் ஒரு மூட்டையை இறக்கினார். விலை குறைந்த 304 ரகமும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். ஆனால் அது உப்புத்தண்ணீரில் அரித்துப்போனால், நடுக்கடலில் ஆட்களின் உயிர் போய்விடும்.

“316தான். இல்லேன்னா இப்பவே நிரூபி. முடியலையா, சரக்கு வந்ததுக்குக் கையெழுத்தப் போடு” என்று, 304ஆக இருக்குமோ என்று தயங்கிய ரெஜிலாவை அதட்டினார். அவள் பட்டறை ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்தவள்.

“போட்டுருதேன் அண்ணாச்சி. உங்க சொந்தப் படகும் பழுதுபார்க்க இங்கதான நிக்கி? முதல்ல அதுக்கே இத மாட்டிருதோம்.”

“ஏ பிள்ள, அதுக்கு வேண்டாம்! அதுக்கு நல்லதா வேற அனுப்புதேன்!”

சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுபோனது. பட்டறையே அந்தப் பெண்ணை வாய்பிளந்து பார்த்தது. மூட்டை வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

பிறகு புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். கடலுப்பைத் தாங்குவதற்காக 316-இல் மாலிப்டினம் என்ற உலோகத்தைச் சேர்க்கிறார்கள், 304-இல் சேர்ப்பதில்லை.