நூலளவு தண்ணீர்

ஒரு வேன் இருந்தது. அதற்குள் ஒரு கட்டிலும் அடுப்பும் நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டு, பெரம்பூர் சவரிமுத்துவும் அவர் மனைவி அமலோற்பவமும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். வால்பாறைக்கு மலையேறும் முன் அந்த வேன் பொள்ளாச்சியில் ஒரு கீசர் கடை வாசலில் நின்றது.

வேனுக்குள் எல்லாப் பொருள்களுக்கும் கவலை. போன வாரம் கொடைக்கானலில் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவிய அமலோற்பவத்தின் விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. வெந்நீருக்கு வழியில்லை என்றால் மலையும் இல்லை. வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

"கரண்டு கீசர் மட்டும் வேண்டாம். ஒரு குளியலுக்கே என் உயிர் போயிடும்" என்றது பேட்டரி.

"கேஸ்தான். அதான் நான் இருக்கேனே" என்றது சிலிண்டர்.

"இருப்பே! ஆனா அதை வெளியே மாட்டச் சொல்லு. உள்ளே எரிஞ்சா நான் ஒருத்தி எவ்வளவு புகையைத்தான் வெளியே தள்ளுவேன்?" என்றது ஜன்னல்.

தண்ணீர்த் தொட்டி பெருமூச்சு விட்டது. "தேக்கி வெச்சுச் சூடாக்க என்கிட்ட ஏது தண்ணி? கேட்கும்போது, கேட்ட அளவு குடுக்கிறவன்தான் வேணும்."

கடைக்குள் அப்படி இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஒன்று கண்ணாடி முகத்தில் எண்கள் மின்னும் பெரிய கீசர். மற்றது டிபன் கேரியரை விடச் சற்றே பெரியது.

"நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் குடுப்பேன். நீ?" என்றது பெரிய கீசர்.

"மூணு."

"மூணா! காக்கா குளிக்கவா?"

சவரிமுத்து பெரியதைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினார். "இதையே போடுங்க தம்பி. இவளுக்குத்தான் வாங்கறேன், குறை வைக்கக் கூடாது."

"சின்னதே போதுங்க" என்றார் அமலோற்பவம். அது யாருக்கும் கேட்கவில்லை. அவர் குரல் அப்படி.

கடைக்காரர் பெரிய கீசரைக் கொல்லைப்புறக் குழாயில் பொருத்தினார். "திறந்து பாருங்கம்மா."

அமலோற்பவம் திறந்தார். தண்ணீர் நூலாக இறங்கியது. லாரித் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்துக் குடும்பம் நடத்திய கை. அதற்கு மேல் குழாயைத் திருப்ப அந்தக் கைக்குத் தெரியாது.

பெரிய கீசர் பற்றிக்கொள்ளாமல் சும்மா நின்றது.

"இன்னும் திருப்புங்கம்மா."

திருப்பினார். நூல் கொஞ்சம் தடித்தது.

"என்னை யாரும் கூப்பிடவே இல்லையே" என்று முணுமுணுத்தது பெரியது. "தண்ணி வேகமா வந்து தட்டினாத்தானே எழுந்திருக்க முடியும்? எனக்குன்னு ஒரு அளவு இருக்கு."

"தண்ணி வீணாப் போகுது. விடுங்க, வீட்டுக்கே போயிடலாம்" என்று அமலோற்பவம் குழாயை மூடினார்.

"இருங்கம்மா" என்று கடைக்காரர் சின்னதை மாட்டினார். மறுபடியும் அதே நூல். 'டுப்' என்று நீலச் சுடர் எழுந்தது. அமலோற்பவம் விரல்களை அதன் கீழே நீட்டினார். தண்ணீர் வீணாவதையும் மறந்து வெகுநேரம் நீட்டியபடியே நின்றார்.

சவரிமுத்து அந்த நூலையும் சுடரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தம்மா உன்னைக் கூப்பிட்டாங்களா? எனக்கு ஒண்ணும் கேட்கலையே" என்றது பெரியது.

"அவங்க கூப்பிடறதே அவ்வளவுதான்" என்றது சின்னது.

மறுநாள் காலை வால்பாறையில் பனி இறங்கியிருந்தது. வேனின் பின்கதவுக்கு வெளியே சின்னக் கீசர் எரிய, அமலோற்பவம் வெந்நீரில் காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். சவரிமுத்து சற்றுத் தள்ளி மடக்கு நாற்காலியில், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க" என்றார் அமலோற்பவம், தண்ணீரைவிட மெல்ல.

"எழுந்திருக்க மாட்டார் பாரு. வேகம் போதாது" என்றது பேட்டரி.

"நாற்பது வருஷமா அப்படித்தான். வாரண்டியும் முடிஞ்சு போச்சு" என்றது ஜன்னல்.

சின்னக் கீசர் எரிந்துகொண்டிருந்தது.

பனிக்குள் மடக்கு நாற்காலி 'டுப்' என்று மடங்கியது.

"கூப்பிட்டியா அமலி?"