ஓரத்தை ஒட்டியவர்

சவரிமுத்துவுக்கு இரண்டு பட்டப்பெயர்கள். பாடம் நடத்தும் கல்லூரியில் ‘விஞ்ஞானி’. ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத்தில் ‘வாத்தியார்’. இரண்டு இடத்திலும் கேலிதான்.

அவருடைய வழிகாட்டி நசீமா வயதில் இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

ஆராய்ச்சி, கார்பன் அணுக்களால் ஆன ஒரு மெல்லிய நாடாவைப் பற்றியது. அதன் நடுவில் இருக்கும் ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்தில் மூன்று பேர். ஓரத்து அணுவுக்கு ஒரு பக்கம் ஆள் இல்லை. பல்போல் வெட்டிய அந்த ஓரத்தில் எலக்ட்ரான்கள் ஒதுங்கி நிற்கும் என்பார்கள். அதைக் கணினிக் கணக்கில் காட்ட வேண்டும். இந்த மாதம் தவறினால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து.

அன்று நசீமாவின் அறைக்கு வந்த சவரிமுத்து நாற்காலியில் உட்காரவே இல்லை.

“கணக்கு முடிஞ்சிருச்சு மேடம். ஓரத்துல ஒண்ணுமே இல்ல. தலைப்பை மாத்திக்கலாமா?”

“போன வாரம் விடை அலையுதுன்னீங்களே?”

“பேய் பிடிச்ச மாதிரி அலைஞ்சுது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு விடை. நானும் தூங்கல, அதுவும் தூங்கல. கடைசியில பார்த்தா ஓரத்தாலதான் தொல்லை. ரெண்டு ஓரத்தையும் சேர்த்து ஒட்டிக் குழாய் ஆக்கிட்டேன். உடனே அடங்கிருச்சு.”

நசீமா ஒரு தாளை நீளவாக்கில் கிழித்து நீட்டினார்.

“ஒட்டிக் காட்டுங்க.”

சவரிமுத்து நீள ஓரங்களில் பசை தடவிச் சுருட்டி ஒட்டினார்.

“இப்ப ஓரத்தைத் தொடுங்க.”

விரல் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கும் நிற்கவில்லை. அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“என்ன வேலை பண்ணிட்டேன்!”

“பசை காயறதுக்குள்ள பிரிங்க.”

பிரித்து மேசைமேல் போட்டார். நசீமா தாளின் நடுவில் பேனாவை வைத்துவிட்டு மின்விசிறியைக் கூட்டினார். நடு அசையவில்லை. இரண்டு ஓரமும் எழும்பிப் படபடத்தன. சவரிமுத்து பதறிப்போய் இரண்டு கைகளாலும் அமுக்கினார்.

“கையை எடுங்க சார்.”

“எடுத்தா ஆடுமே மேடம்.”

“போன வாரம் ஓரத்துல நின்னு உங்க கணக்கை ஆட்டி வெச்சது யாருன்னு நினைச்சீங்க?”