கொத்தனார் சாய்ந்த பக்கம்

தெய்வநாயகத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய குரு ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தொன்று. இருபத்தாறு வருஷம் முழங்காலும் முதுகுமாகப் பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட், மனைவி குமுதா இறந்த மறு மாதமே ஸ்டெல்லாவின் மறுவாழ்வு மையத்துக்கு வந்து, பக்கவாத நோயாளிகளைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். ஸ்டெல்லா ஒரு வெள்ளைக் கோட்டையும் ஒரு நோயாளியையும் கொடுத்தாள்.

நோயாளி பக்கிரிசாமி, திருவையாற்றுப் பக்கம் கொத்தனார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் உட்கார வைத்தால் இடது பக்கமாகச் சாய்வார். சாய்வது மட்டும் இல்லை, நல்ல வலது கையைப் பெஞ்சில் ஊன்றித் தன்னைத்தானே அந்தப் பக்கம் தள்ளிக்கொள்வார்.

சனிக்கிழமை மகன் வருகிறான். யாரும் பிடிக்காமல் ஒரு வேளைச் சோறு சாப்பிடும் நேரம் உட்கார்ந்தால் அப்பா வீட்டுக்கு. இல்லாவிட்டால் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசி வைத்திருந்தான். அவனையும் குறை சொல்ல முடியாது. அம்மா அஞ்சம்மாள் நாற்பது கிலோகூட இருக்க மாட்டாள். அவரைத் தாங்கிப் பிடிக்க அவளால் ஆகாது.

தெய்வநாயகம் கொத்தனாரின் இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்து, தோளுக்குத் தோள் கொடுத்து நிமிர்த்துவார். கொத்தனார் திருப்பித் தள்ளுவார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் சட்டையும் தொப்பலாகிவிடும். ஒன்பது நாள் இப்படிப் போனது.

புதன்கிழமை தெய்வநாயகம் குருவிடம் போனார்.

"மேடம், நான் நிமிர்த்த நிமிர்த்த அவர் இன்னும் பலமாச் சாயறார். பிடிவாதமா இது?"

"இப்படி உட்காருங்க சார். கண்ணை மூடிக்குங்க."

உட்கார்ந்து கண்ணை மூடினார். ஸ்டெல்லா அவருடைய இடது தோளில் கை வைத்து வலப் பக்கமாகத் தள்ளினாள். அவர் இடுப்பு விறைத்து, உடம்பு மொத்தமும் அவள் கையை எதிர்த்தது.

"ஏன் எதுத்துத் தள்ளுறீங்க?"

"விழுந்துடுவேனே."

"அவரும் ஒன்பது நாளா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கார்."

மூளையில் அடிபட்ட இடம் அப்படி. கொத்தனாருக்குச் சாய்வுதான் நேர். நிமிர்த்த வருகிறவன், அவர் கணக்கில் பள்ளத்தில் தள்ள வருகிறவன். தெய்வநாயகம் இதைப் புத்தகத்தில் படித்திருந்தார். தலையில் இருந்தது, தோளுக்கு வந்து சேரவில்லை.

"அப்ப எப்படித்தான் நிமிர்த்துறது?"

ஸ்டெல்லா வாசலில் உட்கார்ந்திருந்த அஞ்சம்மாளிடம் போனாள்.

"அவரோட தூக்குக்குண்டு வீட்ல இருக்காம்மா?"

"இருக்கு டாக்டரம்மா. அவரு சாமான நான் யாருக்குக் குடுக்கப் போறேன்."

வியாழக்கிழமை காலை குண்டு வந்தது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் தொங்கவிடும் பித்தளைக் குண்டு, நூலோடு. ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டெல்லா அதைத் தொங்கவிட்டாள். கொத்தனாரைக் கண்ணாடிக்கு எதிரே உட்கார வைத்து, இடது பக்கம் தாங்கி உட்கார்ந்திருந்த தெய்வநாயகத்துக்கும் அவருக்கும் நடுவே தலையணைகளை அடுக்கினாள். வலது பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, தயிர்சாதத் தட்டோடு அஞ்சம்மாளை உட்காரச் சொன்னாள்.

"சார், நீங்க எழுந்திருங்க."

"விழுந்துடுவார் மேடம்."

"எழுந்திருங்க."

எழுந்தார். கொத்தனார் தலையணை மேல் சரிந்தார். தெய்வநாயகத்தின் கை தானாக நீண்டது. ஸ்டெல்லா அந்தக் கையைப் பார்த்தாள். அவர் அதைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கொத்தனாரே, நூல் நேரா இருக்கா பாருங்க."

ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நேராத்தான் இருக்கு."

"பின்னால சுவரு?"

"சுவத்துல கொறை இல்ல." கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆளத்தான் சாச்சுக் கட்டியிருக்கு."

"இடிச்சுட்டுக் கட்டணுமா?"

"அட, வேணாம். கொஞ்சம் நவுத்துனா வந்துரும்."

பெஞ்சில் ஊன்றியிருந்த வலது கையை எடுத்தார். வலப் பக்கம் இருந்த தட்டை நோக்கி நீட்டினார். சட்டைப் பொத்தான்கள் நூலை நோக்கி நகர்ந்தன. பயந்து மறுபடி சரிந்தார். இரண்டாம் முறையும் சரிந்தார். மூன்றாம் முறை அஞ்சம்மாள், "வாங்க, இங்க நான் இருக்கேன்ல" என்றாள். பொத்தான்கள் நூலுக்கு வந்து நின்றன. ஒரு கவளம் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மகன் எதிரில் தட்டு முழுக்கச் சாப்பிட்டார். கூட்டுக்கு உப்புப் போதவில்லை என்றும் சொன்னார். மகன் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாயந்திரம் காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஹாலில் தெய்வநாயகம் மட்டும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா நூலைச் சுருட்ட வந்தவள் பார்த்தாள். அவசரத்தில் குண்டை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"வலிக்குதா சார்?"

"இல்ல. பாரமே இல்லாம இருக்கு."

அவள் நின்றாள்.

"மூணு வருஷம் குமுதாவ இந்தத் தோள்ல தாங்கித்தான் உக்கார வச்சேன் மேடம். அவ போனப்புறம் யாரும் சாயல. இவர்தான் சாய்ஞ்சார்." மறுபடி தோளைத் தடவினார். "இன்னிக்கு அவர் நிமிர்ந்து சாப்பிட்டப்ப எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு இல்ல. சொல்லவே அசிங்கமா இருக்கு."

ஸ்டெல்லா நூலைச் சுருட்டி முடித்தாள்.

"திங்கக்கிழமை ஒரு அம்மா வர்றாங்க," என்றாள். "இதே மாதிரி கேஸ்தான். நீங்கதான் பாக்கணும்."

"நான் எந்தப் பக்கம் உக்கார மேடம்?"

"சாயாத பக்கம் சார். அந்தப் பக்கம் யாரும் இல்லைன்னுதான் இந்தப் பக்கம் சாயறாங்க."